கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிய பிறகும் வண்டி ஏன் நிற்கிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய 2001 மாடல் ஸ்பிளெண்டர் நான்கு வருடமாக மாட்டுக் கொட்டகையில் நின்றிருக்கிறது. வீட்டிலேயே கார்புரேட்டரைக் கழற்றி மூன்று முறை சுத்தம் செய்துவிட்டார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு கிலோமீட்டர் போனதும் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி ஓடுகிறது. டேங்கை நிரப்பினால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. மூன்றாவது முறை மாட்டியதிலிருந்து கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் வேறு சொட்டுகிறது. காற்றுக் கலவையைச் சரிசெய்கிற ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணாமல் கழற்றிவிட்டாராம். வீட்டில் எல்லோரும் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டாம். உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று வண்டி உங்களுக்குக் கொடுத்தது, இன்னொன்று நீங்கள் வண்டிக்குக் கொடுத்தது. முதல் கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரிலேயே இல்லை. அதனால்தான் மூன்று முறை கழுவியும் தீரவில்லை.

எனக்கு அம்மாப்பேட்டையில் பம்புசெட் ரிப்பேர் தொழில். டூவீலர் மெக்கானிக் இல்லை, ஆனால் முப்பது வருடமாகச் சொந்த வண்டிகளை நானேதான் பிரித்து மாட்டுகிறேன், கெடுத்தும் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். வண்டி நின்றால் எல்லோருக்கும் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். நம் ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைசி வாய்க்காலை மட்டும் யாராவது திரும்பத் திரும்பத் தூர் வாரிக்கொண்டிருப்பார்களா? எந்த மதகு மூடியிருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே மேலே பார்த்துக்கொண்டு போவார்கள். பெட்ரோலுக்கும் அதே வழிதான். மூடியில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் ‘டேங்கை நிரப்பினால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. விடை அதில்தான் இருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். உங்கள் டேங்க் மூடியில் அந்த இரண்டாவது ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அது வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலை மேலேயே பிடித்துக்கொள்ளும். டேங்க் காலியாக இருக்கும்போது உள்ளே காற்று நிறைய இருக்கிறது, கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்றுக்கு இடமே இல்லை, சில கரண்டி பெட்ரோல் இறங்கினாலே இழுத்துப் பிடித்துவிடும். ஆகவே நிரப்பினால் சீக்கிரம் நிற்கிறது.

அந்த இரண்டு கிலோமீட்டரும் தற்செயல் இல்லை. லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டி இரண்டு கிலோமீட்டருக்கு 33 மில்லி குடிக்கும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தில் நிற்கிற சில கரண்டியும், மேலிருந்து கசிந்து வருகிற கொஞ்சமும் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். நீங்கள் கிண்ணத்தைக் குடித்துவிட்டு நிற்கிறீர்கள். பத்து நிமிடத்தில் மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று நுழைகிறது, கிண்ணம் நிறைகிறது, மறுபடி இரண்டு கிலோமீட்டர்.

சோதனைக்குக் காசு செலவில்லை. வண்டி மூச்சு முட்டி நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டது. சத்தம் கேட்காவிட்டாலும், திறந்த ஒரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடினால் அதே முடிவுதான். மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உள்பக்கத்துச் சின்னத் துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கொட்டகையில் நின்ற வண்டி என்கிறீர்கள். வைக்கோல் தூசியும் பழைய பெட்ரோல் பிசினும் சேர்ந்தால் சிமெண்டு மாதிரி ஆகிவிடும்.

மூடி சரியாக இருந்தும் இதே குணம் காட்டினால், கார்புரேட்டரின் பக்கவாட்டிலிருந்து சும்மா தொங்கும் காற்றுக் குழாயைப் பாருங்கள். கிண்ணத்துக்கும் மூச்சு விட ஒரு வழி வேண்டும், அதுதான் அந்தக் குழாய். என் மைத்துனர் வண்டி ஒரு தை மாத அறுப்பு முழுக்கக் களத்தோரம் நின்றது. பிறகு ஓடவே மாட்டேன் என்றது. இரண்டு நாள், பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டை எல்லாம் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அந்தக் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். குளவி உள்ளே மண்ணை வைத்துப் பூசி, ஒரு பச்சைப் புழுவையும் வைத்து, வாயை அடைத்துவிட்டுப் போயிருந்தது. விரலால் நசுக்கியதும் மண் உதிர்ந்தது. வண்டி அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வீணானதைவிட, மைத்துனர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதான் எனக்கு வலித்தது.

அடுத்து, பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்து ‘நன்றாகத்தான் வருகிறது’ என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சம் இல்லை, சரியாக 180 மில்லி, அளவு பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக்கைத் திறங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் கவலை இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற, லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டிக்கு நிமிடத்துக்கு 17 மில்லிதான் தேவை. முழு ஆக்ஸிலேட்டரில் மேடு ஏறும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போகும். ஆகவே குவார்ட்டர் நிறைய மூன்று நான்கு நிமிடம் ஆகிறதென்றால் மேலே அடைப்பு இருக்கிறது. நன்றாக ஆரம்பித்துப் போகப் போக மெலிந்தால் அது மூடி. ஆரம்பத்திலிருந்தே மெலிந்து வந்தால் காக்கோ, அதற்குள் இருக்கும் வலையோ, ட்யூபோதான்.

இதை எல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா விளக்கேற்றி மாடத்தில் வைக்க வெளியே வந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்ரோல் வேலை வைத்துக்கொள்வதில்லை.

சரி, இப்போது டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு வருடம், அதுவும் நம் பக்கத்து ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அரை டேங்கோடு நின்றிருந்தால், பெட்ரோல் மட்டத்துக்கு மேலே துரு பிடித்திருக்கும். அந்தத் துருதான் பொடிப்பொடியாக இறங்கி, வலையையும் தாண்டி, நீங்கள் கழுவிய கார்புரேட்டரை ஒவ்வொரு முறையும் மறுபடி அழுக்காக்குகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல் காற்று படுகிற ஊரென்றால் கேட்கவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சில டேங்குகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே கை விட்டால் செங்கல் பொடி மாதிரி வந்தது.

துரு எடுப்பதில் என் முதல் வைத்தியம் புளி. சிரிக்காதீர்கள். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். புளியில் அமிலம் இருக்கிறது, துருவும் போகும் என்று கணக்குப் போட்டேன். கால் கிலோ பழம்புளியைக் கரைத்து டேங்கில் ஊற்றி இரண்டு நாள் வைத்தேன். துரு போகவும் செய்தது. ஆனால் புளி நார் போகவில்லை. எத்தனை முறை அலசியும் உள்ளே மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒவ்வொன்றாக வந்து காக் வலையில் உட்கார்ந்தது. ரோட்டில் நிறுத்தி வலையைக் கழற்றினால் ரசம் வைத்த வாசனை. அமிலம் சரி, சரக்குத்தான் தப்பு. மளிகைக் கடையிலேயே கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் தூளை வாங்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை போட்டு டேங்க் முழுக்க நிரப்பி, ஒரு இரவும் பகலும் வையுங்கள். காக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். காக்கோடு ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரும் வலையும் போய்விடும். வெளிப் பெயிண்டில் வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம். வேகமாகத் துருவைத் தின்னும், அதே வேகத்தில் தகட்டையும் தின்னும். துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த டேங்கும் உண்டு. துரு போனதும் ஊசி முனை அளவு ஓட்டை திறந்துகொண்டு சொட்ட ஆரம்பிக்கும். இது உங்கள் தப்பில்லை, ஏற்கெனவே இருந்த ஓட்டைதான். ஆனால் அதை வெல்டிங் வைக்கிறேன் என்று வீட்டில் ஆரம்பித்துவிடாதீர்கள். காலி டேங்க் என்பது காலி இல்லை, ஆவி நிறைந்த குண்டு. அந்த ஒரு வேலையை டேங்க் பார்க்கிற பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

உதிராத துருவுக்கு உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள். நானும் முப்பது நட்டு போட்டேன். வெளியே வந்தது இருபத்தெட்டு. மீதி இரண்டுக்காக அரை நாள் டேங்கைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பழைய சைக்கிள் செயின் ஒன்றைத்தான் போடுகிறேன். ஒரே துண்டு, ஒரு முனையில் கம்பி கட்டிவிட்டால் இழுத்து எடுத்துவிடலாம்.

ஆசிட் தண்ணீரைக் கொட்டியதும் இரண்டு மூன்று கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீர். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சுத்தமான ஈரத் தகடு சில நிமிடங்களிலேயே மறுபடி மஞ்சளாகத் துரு பூக்கும். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது பாதி உழைப்பு போயிருக்கும். கையோடு வெயிலில் கவிழ்த்து, முழுக்கக் காய்ந்ததும் அரை லிட்டர் பெட்ரோலில் ஒரு கரண்டி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். ஆயில் படலம் தகட்டைக் காப்பாற்றும். அந்தப் பெட்ரோலை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளாமல் வடித்துவிடுங்கள்.

காக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலை கிழிந்திருந்தாலும் லீவர் பக்கம் கசிந்தாலும் புதிது வாங்குங்கள், விலை பெரிதில்லை. ரிசர்வ் நிலையிலும் ஆன் நிலையிலும் தனித்தனியே குவார்ட்டர் பாட்டிலில் அளந்து பாருங்கள். ஒன்றில் நன்றாக வந்து மற்றதில் வராது என்பது அடிக்கடி நடக்கும்.

ட்யூபில் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ட்யூப் கிடைக்கவில்லை என்று கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான ட்யூபையோ, குளுக்கோஸ் ட்யூபையோ மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்று சந்தோஷமாக இருக்கும். சில வாரத்தில் மஞ்சளாகி, விறைத்து, மூங்கில் மாதிரி ஆகி, குலுங்கும்போது காலரிலிருந்து நழுவிவிடும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தனியாக ஃபில்டர் போட்டிருந்தால் அது கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பெட்ரோல் தன் எடையில்தான் இறங்குகிறது, தள்ளிவிட பம்பு கிடையாது. ட்யூபை நீளமாக வெட்டி, அது ஒரு இடத்தில் மேலே வளைந்து இறங்கினால் அந்த வளைவில் காற்று உட்கார்ந்துகொள்ளும். பம்புசெட்டில் ஏர் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இப்போதுதான் கார்புரேட்டர். இதில் நீங்கள் உண்டாக்கிய கோளாறு, அந்தச் சொட்டு.

எங்கிருந்து சொட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். கிண்ணமும் மேல்பகுதியும் சேரும் இடத்திலிருந்தா, அடியில் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகவா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வெளியே நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். எங்கள் வீட்டில் கைக்கு வந்தது விபூதிதான், அதுவும் நன்றாகவே காட்டிக்கொடுத்தது. காக்கைத் திறந்தால் எந்த இடத்தில் முதலில் நனைகிறதோ அதுதான் வாய்.

சேரும் இடத்தில் நனைந்தால், கிண்ணத்து ரப்பர் பிதுங்கியிருக்கிறது. நீங்கள் கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயை ரப்பரோடு சேர்த்து அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஸ்ப்ரே பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஊதிய ரப்பர் அதன் பள்ளத்துக்குள் உட்காராது, ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். அப்படியே வைத்து இறுக்கினால் ஒரு இடத்தில் நசுங்கி வெட்டுப்படும். அவசரப்படாமல் ஒரு இரவு காற்றில் வைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கும். ஆனால் இருபது வருட ரப்பர், புதிதே போட்டுவிடுங்கள். கசிகிறது என்று சிலிக்கான் பேஸ்டை மட்டும் தடவாதீர்கள். அது பெட்ரோலில் ஊறி, ஜவ்வு மாதிரி பிரிந்து, நேராக ஜெட்டுக்குப் போய்ச் சேரும்.

ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வந்தால் நீடில் மூடவில்லை. கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி நீடிலை மேலே தள்ளி மடையை அடைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். நின்றுவிட்டால் நீடிலுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு துருத் துணுக்கு, டேங்கிலிருந்து வந்த அதே துரு. தட்டியும் நிற்கவில்லை என்றால் நீடிலை வெளிச்சத்தில் பாருங்கள். கூர்ப்பகுதியைச் சுற்றி நகக்கீறல் மாதிரி வளையம் விழுந்திருந்தால் ஆயுள் முடிந்தது. புதிய நீடிலைப் பழையதன் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிட்ட பிறகு காசு கொடுங்கள். ஒரு கடையில் ‘எல்லாத்துக்கும் இதுதான் சார்’ என்று கொடுத்த கிட்டில் நீடில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளம் கூடுதல். வண்டிக்குப் பெட்ரோலே போகவில்லை. சொட்டு நின்றுவிட்டதே என்று நான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. கிண்ணம் இல்லாமல் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான ட்யூபை மாட்டி ஊதுங்கள். மிதவையின் எடை நீடிலை மூடிக்கொண்டிருக்கும், காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். இதில் தேறாத கார்புரேட்டரை வண்டியில் மாட்டினாலும் தேறாது. மிதவையின் உயரம் தெரியவில்லை என்றால், அதன் நாக்கு நீடிலின் ஸ்பிரிங் முனையை லேசாகத் தொடும் நிலையில், மிதவையின் விளிம்புக் கோடும் கிண்ணம் உட்காரும் தளமும் இணையாக இருக்கும்படி பாருங்கள். பெரும்பாலும் ஒத்து வரும்.

மிதவையைக் கழற்றியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழற்றவில்லை என்றால் இதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். என்னிடம் ஒரு ஆர்எக்ஸ் 100 இருந்தது. ஒரு மழை நாளில் வேலை இல்லாமல் உட்கார்ந்து, அதன் மிதவை ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கார்புரேட்டர் உடம்போடு சேர்த்து வார்த்த இரண்டு குட்டிக் கால்கள், அவற்றின் நடுவே ஊசி மாதிரி ஓர் ஆணி. ஆணி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக ஒரு தட்டு. வேர்க்கடலை உடைக்கிற சத்தம்தான் வந்தது. குனிந்து பார்த்தால் ஒரு கால் என் மடியில் கிடக்கிறது. அந்த ஆணிக்கு ஒரு பக்கம் தலை பெருத்திருக்கும், அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும். நான் தலையிருந்த பக்கத்திலேயே அடித்திருக்கிறேன். எபாக்ஸி வைத்து ஒட்டினேன், பத்து நாளில் பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிட்டது. கடைசியில் கும்பகோணத்தில் பழைய சாமான் கடையில் வேறொரு கார்புரேட்டர் தேடி வாங்க வேண்டியதாயிற்று. ஆணியின் இரு முனையையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தலை இல்லாத பக்கத்தில் மெல்லிய கம்பியை வைத்து, அந்தக் காலுக்குப் பின்னால் மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, கையால் தள்ளுங்கள். வரவில்லையா, ஒரு நாள் டீசலில் ஊறட்டும். சுத்தியலை எடுக்காதீர்கள்.

கிண்ணத்து ஸ்க்ரூவும் அப்படித்தான். ஸ்டார் தலை வழுக்க ஆரம்பித்த முதல் நொடியிலேயே நிறுத்திவிட வேண்டும். ஜப்பான் வழி வந்த இந்த வண்டிகளின் ஸ்டார் வெட்டு, நம் கடையில் விற்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் முனைக்கு முழுதாகப் பொருந்தாது. பொருந்துகிற முனையைத் தேடி எடுத்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டி, முழு எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டு திருப்புங்கள். திரும்ப மாட்டும்போது இறுக்கிக் கட்டுவதில் வீரம் வேண்டாம். மெல்லிய உலோகம், மரை போய்விடும்.

ஜெட்டுக்குள் குண்டூசி, செப்டி பின் எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகி, அப்புறம் மைலேஜ் ஏன் விழுந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஈர்க்குக் குச்சியை விடச் சொல்வார்கள். மெயின் ஜெட்டுக்குச் சில சமயம் சரி. ஐடிலிங்கில் பெட்ரோல் கொடுக்கிற ஸ்லோ ஜெட்டில் நுழையாது, நுழைத்தால் முனை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். கரண்ட் வேலைக்கு வாங்குகிற ஃப்ளெக்ஸிபிள் ஒயரைச் சீவி, அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுங்கள். 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஜெட்டை ஊறவைத்து, அந்த இழையை முன்னும் பின்னும் விட்டு, வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டி என்பதால் என்ஜின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு பார்க்கிற குச்சியில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, அளவு ஏறியிருந்தாலோ, பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

பெட்ரோலைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நாடு முழுக்க 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது, 2025-இல் கலப்பு அந்த அளவை எட்டிவிட்டது. உங்கள் அப்பா வண்டி வாங்கியபோது இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனியாக நின்றுவிடும். காக் எடுப்பது அடியிலிருந்துதானே. குவார்ட்டர் பாட்டிலில் பிடித்ததை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் கோடு விழுவது தெரியும். பழைய ரப்பர்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. அதே பெட்ரோலில் கலவை கொஞ்சம் மெலிந்தும் போகும். ஆனாலும் எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. நான்கு வருடம் நிறுத்தினால் எந்தப் பெட்ரோலும் பிசினாகத்தான் போகும். இனி ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் காக்கை மூடிவிட்டுக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த எண்ணாமல் கழற்றிய ஏர் ஸ்க்ரூ. அதை உள்ளே மெதுவாகத் திருகி, உட்கார்ந்ததும் நிறுத்துங்கள், இறுக்க வேண்டாம், கூர்முனை நசுங்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்தால் ஓர் இடத்தில் சத்தம் ஏறிச் சீராக நிற்கும். அந்த இடத்தில் விட்டுவிட்டு ஐடிலிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கே திருப்பினாலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைப்பு. வேகம் தானாக ஏறி இறங்கினால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்று இழுக்கிறது. அந்த இணைப்பைச் சுற்றித் தூரிகையால் கொஞ்சம் ஆயில் தடவுங்கள், சத்தம் மாறினால் அங்கே இருக்கிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம்தான். இரண்டு நட்டையும் வெறியோடு இறுக்கிய கார்புரேட்டரில் அந்த முகம் வாழைப்பட்டை மாதிரி வளைந்திருக்கும், அதையும் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் குறைவு. நல்ல டிகிரி காபி நிறத்தில் இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம். குவார்ட்டர் பாட்டில் எத்தனை வினாடியில் நிறைந்தது என்று மட்டும் எழுதுங்கள், மூடிக்கு முன்னால் ஒரு கணக்கு, மூடியைச் சுத்தம் செய்த பிறகு ஒரு கணக்கு.